ஓடும் வீட்டில் ஒரு துணை: கேள்வி-பதில்

ஆர்.வி. என்று அமெரிக்காவில் அழைக்கப்படும் வீட்டு வண்டியில் ஊர் சுற்றும் நம்மவர்கள் பெருகி வருகிறார்கள். பிள்ளைகள் தலையெடுத்துவிட்ட வீடுகளில் அடுத்த கேள்வி, வண்டியில் துணைக்கு யார் என்பதுதான். இந்த இதழின் கேள்விகள் முழுவதும் அதைப் பற்றியே.

பணி ஓய்வும் கிடைத்தாயிற்று, ஆர்.வி.யும் வாங்கியாயிற்று. துணைக்கு நாயா, பூனையா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.
*வாசகர், டல்லாஸ்*

பகலெல்லாம் வெளியில் நடப்பவர் என்றால் நாய். வண்டிக்குள் உட்கார்ந்து படிப்பவர், லேப்டாப்பில் வேலை பார்ப்பவர் என்றால் பூனை. நாய்க்கு மனிதர்தான் வீடு; நீங்கள் எங்கே போய் நின்றாலும் அது தன் வீட்டில்தான் இருக்கிறது. பூனைக்கு இடம்தான் வீடு; ஆர்.வி.யில் அந்த இடமே கூட வருகிறது. ஜன்னலுக்கு வெளியே மலை மாறும், உள்ளே அதன் மூலை மாறாது. முதலில் ஒரு தாளை எடுத்து உங்கள் ஒரு நாளை மணி வாரியாக எழுதுங்கள். ஒவ்வொரு மணிக்கும் அந்த ஜீவன் எங்கே இருக்கும், யாரோடு இருக்கும் என்று பக்கத்தில் குறியுங்கள். தனியாகப் பூட்டி வைக்கும் மணிகள் அதிகம் என்று தெரிந்தால், அந்தக் கணக்கு சரியாகும்வரை பொறுங்கள்.

வண்டி சின்னது. சின்ன நாய்தானே சரி?
*வாசகி, அட்லாண்டா*

உடம்பின் அளவை விடச் சுறுசுறுப்பின் அளவைப் பாருங்கள். பார்டர் கோலி நடுத்தர உயரம்தான். ஆனால் ஆட்டு மந்தையை மேய்க்கவென்றே உருவான இனம். வேலை கொடுக்காவிட்டால் உங்கள் மெத்தையைக் கிழிப்பதையே வேலையாக எடுத்துக்கொள்ளும். பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்ற கிரேஹவுண்ட் பின்னங்காலில் நின்றால் ஆள் உயரம் எழும்பும். ஆனால் ஓடும் நேரம் போக மிச்ச நாள் முழுக்கச் சோபாவில் சுருண்டு கிடக்கும். ஃபுளோரிடாவில் 2018 வாக்கெடுப்பின்படி நாய்ப் பந்தயம் 2020 முடிவோடு நின்றுவிட்டதால் அவை முன்போல் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தால், குளிருக்கு ஒரு சட்டை தைத்துப் போடுங்கள், கயிறில்லாமல் மட்டும் வெளியே விடாதீர்கள். முயல் ஒன்று கண்ணில் பட்டால் போதும், நீங்கள் கூப்பிடும் குரல் அதன் காதில் விழாது.

குட்டியாக வாங்கி வளர்ப்பதா, வளர்ந்த நாயைத் தத்தெடுப்பதா?
*வாசகர், நேப்பர்வில்*

வளர்ந்த நாய். குட்டி என்ன குணத்தோடு வளரும் என்பது ஊகம்; நாலு வயது நாயின் குணம் கண் முன்னால் நிற்கிறது. வண்டிச் சத்தத்துக்கு நடுங்குமா, அந்நியரைக் கண்டால் பாயுமா, தனியே விட்டால் ஊளையிடுமா என்பதைக் காப்பகத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். யூட்டா மாநிலத்தின் கானாப் ஊரில் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் என்ற பெரிய விலங்குக் காப்பகம் இருக்கிறது; சயான், பிரைஸ் கேன்யன் பூங்காக்களுக்குப் போகிறவர்களின் வழியில்தான். அங்கே ஒரு பிராணியை இரவு மட்டும் தங்க அழைத்துப்போகும் வழக்கம் உண்டு. அந்த ஓர் இரவு, ஆயிரம் புகைப்படங்கள் சொல்லாததைச் சொல்லும். மற்ற ஊர்க் காப்பகங்களிலும் ‘ஃபாஸ்டர்’ என்று சில வாரம் வளர்த்துப் பார்க்க வாய்ப்புக் கேளுங்கள்.

பக் நாய் என்றால் எனக்கு உயிர். அரிசோனா போகிறோம். அழைத்துப் போகலாமா?
*வாசகி, சான் ஹோசே*

குளிர்காலத்தில் போவதானால் சரி, கோடையில் கூடாது. நாய் தன் உடம்புச் சூட்டை முக்கியமாக இரைப்பின் மூலம்தான் தணித்துக்கொள்கிறது. பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகலானது என்பதால் அந்த இரைப்பே திணறலாகிவிடும். ஹஸ்கிக்குச் சிக்கல் வேறு மாதிரி: பனிக்கென்று வளர்ந்த அடர்ந்த ரோமம். உயிராக நேசிக்கும் நாய் என்றால் அதற்கேற்ற பருவத்தில், அதற்கேற்ற திசையில் வண்டியைத் திருப்புங்கள். ஜூலையில் மலைப் பிரதேசம், ஜனவரியில் பாலைவனம். ஆர்.வி.யின் பெரிய வரமே அதுதான்.

ஏ.சி.யைப் போட்டுவிட்டு நாயை வண்டியில் விட்டுப் போகலாம்தானே?
*வாசகர், ஆஸ்டின்*

இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. ஏ.சி. ஓடும்வரை போகலாம். நின்றுவிட்டால்?

ஏ.சி. நிற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. கேம்ப்கிரவுண்டில் மதியம் இரண்டு மணிக்கு எல்லா வண்டிகளும் ஒன்றாக ஏ.சி.யைப் போட, வோல்டேஜ் இறங்குகிறது. 30 ஆம்ப் இணைப்பில் ஏ.சி.யோடு மைக்ரோவேவும் சேர்ந்தால் பிரேக்கர் விழுகிறது. புயல் வந்தால் மொத்தப் பூங்காவுக்கும் மின்சாரம் போகிறது. அப்போது நீங்கள் நாற்பது மைல் தள்ளி அருங்காட்சியகத்தில் இருப்பீர்கள்.

2005-இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு, வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 40 டிகிரி ஃபாரன்ஹீட் (22 டிகிரி செல்சியஸ்) கூடுதலாகச் சூடேறியதைக் காட்டியது. அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள் ஏறிவிட்டது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைத்தும் பெரிய பலனில்லை. ஆர்.வி. காரைவிடப் பெரியது, ஏறும் வேகம் மாறலாம், ஏறும் திசை மாறாது.

ஆகவே மூன்று ஏற்பாடுகள். வெப்பம் கூடினாலோ மின்சாரம் போனாலோ உங்கள் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி. மின்சாரம் போனால் தானே ஓடத் தொடங்கும் ஜெனரேட்டர். கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி. செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் அந்தக் கருவியும் ஊமை என்பதை மறக்க வேண்டாம். இந்த ஏற்பாடு இல்லாத நாளில் நாயைப் பகல் காப்பகத்தில் விடுங்கள், அல்லது தம்பதியில் ஒருவர் கூட இருங்கள். வண்டியின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை. வாயில்லா ஜீவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வராது.

தேசியப் பூங்காக்களில் நாயோடு நடக்க விடுவார்களா?
*வாசகர், சியாட்டில்*

பூங்காவுக்குப் பூங்கா மாறும். யெல்லோஸ்டோனில் நடைபாதைகளிலும், வெந்நீர் ஊற்றுகளைச் சுற்றிய பலகைப் பாதைகளிலும் நாய்க்கு அனுமதியே இல்லை. சாலை, வாகன நிறுத்தம், கேம்ப்கிரவுண்ட் இவற்றிலிருந்து 100 அடிக்குள்தான் இருக்க வேண்டும், அதுவும் ஆறு அடிக்கு மேற்படாத கயிற்றில். காரணம் கண்டிப்புக்காகக் கண்டிப்பு காட்டுவதல்ல: கொதிக்கும் ஊற்று, கரடி, ஓநாய், காட்டெருமை எல்லாம் அங்கே உண்டு. கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் மேலே உள்ள ரிம் பாதையில் நாயோடு நடக்கலாம், பள்ளத்தாக்குக்குள் இறங்க முடியாது. ஆனால் நாயை விட்டுப் போக அங்கேயே ஒரு காப்பகம் இருக்கிறது. மெய்ன் மாநிலத்து அகாடியாவில் சுமார் 100 மைல் நடைபாதை நாய்களுக்கும் திறந்திருக்கிறது. அரிசோனாவின் பெட்ரிஃபைடு ஃபாரஸ்ட், நியூ மெக்சிகோவின் வெண்மணல் பூங்கா இரண்டும் நாயை வரவேற்பவை.

பெயரில் ஒத்திருந்தாலும் ‘நேஷனல் பார்க்’ வேறு, ‘நேஷனல் ஃபாரஸ்ட்’ வேறு. தேசிய வனங்களில் பெரும்பாலான பாதைகளில் கயிறு கட்டிய நாயோடு நடக்கலாம். நாய் வைத்திருப்பவர்களின் பயண வரைபடம் பச்சையாக இருக்க வேண்டியது அங்கேதான். பூங்காக்களைக் கால்நடையாகவே பார்த்துத் தீருவேன் என்ற ஆசை உங்களுக்கு வலுவாக இருந்தால், பூனையைத் தேர்ந்தெடுங்கள்.

பூனைக்கு ஆர்.வி.யில் என்ன ஆபத்து? அது பாட்டுக்கு உள்ளேயே கிடக்குமே!
*வாசகி, எடிசன், நியூ ஜெர்சி*

கிடக்குமிடம்தான் ஆபத்து. ஆர்.வி.யை நிறுத்தியதும் பக்கச் சுவரே வெளியே நகர்ந்து அறை அகலமாகும் அல்லவா, ‘ஸ்லைட் அவுட்’; அதன் அடியிலும் பின்னாலும் பூனை நுழையும் அளவுக்கு இடுக்கு இருக்கிறது. இருட்டு, கதகதப்பு, யாரும் தொடாத இடம். பூனைக்கு வேறென்ன வேண்டும்? கிளம்பும் காலையில் பட்டனை அமுக்கிச் சுவரை உள்ளே இழுக்கும்போது அந்த இடுக்கு மூடுகிறது. எனவே ஒரு விதி: பூனையைக் கூடைக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, கண்ணால் பார்த்த பிறகுதான் பட்டனில் விரல் படலாம். குரல் கேட்டது, காலையில் பார்த்தேன் என்பதெல்லாம் செல்லாது. இடுக்குகளைப் பலகையோ பஞ்சோ வைத்து அடைத்துவிட்டால் இன்னும் நல்லது.

மணல் தட்டுக்குச் சாப்பாட்டு மேசையின் அடிப்பெட்டியைத் திறந்து ஒரு வழி செய்து கொடுங்கள். வண்டிக்கதவைத் திறக்கும்போதெல்லாம் பூனை எங்கே என்று பார்க்கும் பழக்கம் வீட்டில் எல்லோருக்கும் வரட்டும்.

நாங்கள் சுத்த சைவம். நாய், பூனைக்கும் சைவமே கொடுத்துப் பழக்கலாமா?
*வாசகி, டாம்பா*

நாய்க்கு, கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் முழுச்சத்துள்ள சைவ உணவு சாத்தியம். பூனைக்கு ஒருபோதும் வேண்டாம். டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவு தானே செய்துகொள்ளாது. இயற்கையாக அது இறைச்சி போன்ற உணவிலிருந்துதான் வருகிறது. குறைந்தால் கண் போகும், இதயம் பழுதாகும். வண்டிக்குள் மாமிசமே வரக்கூடாது என்றால் பூனை உங்களுக்கான துணை இல்லை.

முயல் முழுச் சைவம். உலர்ந்த புல்லும் கீரையும் போதும், மணல் தட்டிலும் பழகும். ஆனால் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போனாலே வெப்பத்தில் துவண்டுவிடும். ஃபுளோரிடாவிலிருந்து கிளம்புகிற நீங்கள் யோசித்துச் செய்யுங்கள்.

நாய் வளர்ப்பதானால் சாம்பார் சாதத்தை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம்மில் உள்ள சைலிட்டால் இவற்றைவிடக் கொடியது.

எங்கள் வீட்டுக் கிளி நன்றாகப் பேசும். வண்டியில் கூட்டிப் போக ஆசை.
*வாசகர், ஃபிரிமான்ட்*

சமையலறை எத்தனை அடி தள்ளி? ஆர்.வி.யில் எல்லாமே கூண்டுக்கு அருகில்தான். நான்ஸ்டிக் பாத்திரத்தின் பூச்சு அளவுக்கு மீறிச் சூடானால் கிளம்பும் புகை, மனிதருக்கு லேசான தொந்தரவு தருவதோடு நிற்கலாம். பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். புரொப்பேன் அடுப்பு, ஹீட்டர் இவற்றின் புகையும் அதற்கு ஆகாது. இரும்புத் தவா, எவர்சில்வர் பாத்திரங்கள், கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி மூன்றும் இருந்தால்தான் கிளியோடு பயணம். மாநில எல்லையையும் கவனியுங்கள்: குவேக்கர் கிளி வளர்ப்பது உங்கள் கலிஃபோர்னியாவிலேயே சட்டவிரோதம்.

மகனுக்கு எலி மாதிரி ஏதாவது சின்னப் பிராணி வேண்டுமாம். வழியில் ஆமை பிடித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறான்.
*வாசகி, ஃபீனிக்ஸ்*

ஆமையை முதலில் மறக்கச் சொல்லுங்கள். மொஹாவி பாலைவன ஆமை 1990 முதல் மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அதைத் தூக்கினால் பயத்தில் சிறுநீர் கழித்துவிடும். மழையில்லாத மாதங்களுக்கென்று அது உடம்பில் சேர்த்து வைத்திருந்த தண்ணீர் அதுதான். அன்பாகத் தூக்கிய கையே அதற்கு எமனாகலாம். தள்ளி நின்று பார்க்கச் சொல்லுங்கள். பார்த்ததைப் படம் வரையச் சொல்லுங்கள்.

ஃபெரட், ஜெர்பில் இரண்டும் கலிஃபோர்னியாவில் தடை. எல்லையைத் தாண்டியதும் மகனின் செல்லம் சட்டவிரோதமாகிவிடும். ஹாம்ஸ்டர் இரவில் சக்கரம் சுற்றும், பகலில் தூங்கும்; பகல் முழுக்க வண்டி குலுங்கினால் பாவம், அது எப்போது தூங்கும்? உங்கள் மகனுக்கு ஏற்றது, அவனோடு ஓடிவரும் ஒரு நடுவயது நாய்தான்.

பாலைவனத்தில் நாய்க்கு வேறென்ன பார்க்க வேண்டும்?
*வாசகர், லாஸ் வேகஸ்*

தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. விரியன் வகைப் பாம்புகள் உண்டு. கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். அரிசோனா மண்ணில் உள்ள ஒரு பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குப் போய் ‘வேலி ஃபீவர்’ தரும். ஊர் மாறிப் பல வாரம் கழித்து நாய் இருமினால், அரிசோனாவில் இருந்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சட்டைப்பையில் ஒரு சீப்பு வைத்திருங்கள். ஜோஷுவா ட்ரீ பக்கம் ‘சோய்யா’ என்றொரு கள்ளிச்செடி. எலுமிச்சை அளவு முள் உருண்டைகள் உதிர்ந்து கிடக்கும். உரசினாலே பாதத்தில் தைத்துக்கொள்ளும். நாய் வாயால் பிடுங்கப் பார்க்கும். பிறகு உதட்டில் தைக்கும். நீங்கள் கையால் பிடித்தால் உங்கள் விரலிலும் தைக்கும். செய்ய வேண்டியது இது: ஒருவர் நாயின் முகத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் சீப்பின் பற்களை உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டில் வெளியே தள்ள வேண்டும். மிச்சமிருக்கும் முட்களை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுங்கள். கடைசியில் நாக்கின் அடியிலும் பாருங்கள்.

ஊரில் அப்பா வளர்க்கும் ராஜபாளையம் நாயை இங்கே கொண்டுவந்து ஆர்.வி.யில் வைத்துக்கொள்ள முடியுமா?
*வாசகர், ஹூஸ்டன்*

சட்டப்படி முடியும், வழி நீளம். 2024 ஆகஸ்ட் 1 முதல் அமெரிக்காவின் நாய் இறக்குமதி விதிகள் இறுகிவிட்டன. வெறிநாய்க்கடி நோய் அதிகமுள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இருக்கிறது. நாய்க்கு ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதன் பிறகு தடுப்பூசி; இந்த வரிசை மாறக்கூடாது. அரசுக் கால்நடை மருத்துவர் ஒப்பமிட்ட படிவம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யாமல் வந்தால், இங்கே 28 நாள் தனிமையில் வைப்பார்கள். வந்து இறங்கும் விமான நிலையத்தில் அதற்கென உள்ள பராமரிப்பு நிலையத்தில் முன்பதிவும் கட்டாயம்.

முடியுமா என்பதற்கு அதுதான் பதில். செய்யலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். ஓட வெளி வேண்டும், பழகிய ஒரு முகம் வேண்டும். அந்த முகம் உங்கள் அப்பாவுடையது. இருவரையும் பிரிக்காதீர்கள்.

கணவர் காலமான பிறகு, அவர் ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில் தனியாகக் கிளம்பப் போகிறேன். காவலுக்கு முரட்டு நாய் வாங்கச் சொல்கிறார்கள்.
*வாசகி, ராலே*

அம்மா, உங்கள் துணிவுக்கு முதலில் வணக்கம். முரட்டு நாய் தேவையில்லை. கதவருகே நிழலாடினால் குரைக்கும் நாய் போதும். குரைப்புச் சத்தம்தான் காவல். ராட்வைலர், டோபர்மேன், பிட்புல் போன்ற இனங்களைக் காப்பீட்டைக் காரணம் காட்டி மறுக்கும் ஆர்.வி. பார்க்குகள் பல உண்டு; இரவில் இடம் கிடைக்காமல் அலைவது உங்களுக்குத்தான் ஆபத்து. உங்கள் கைப்பலத்துக்கு அடங்கும் எடையில், ஐந்து ஆறு வயதான, நிதானமான நாயைப் பாருங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு உடம்பு முடியாமல் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் நாயை யார் எடுத்துக்கொள்வார்? அந்தப் பெயரையும் போன் நம்பரையும் வண்டியின் ஃபிரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வண்டியில் நாய் இருப்பதாக ஒரு சீட்டு உங்கள் கைப்பையிலும் இருக்கட்டும்.

ஓட்டும்போது நாய் எங்கே உட்காரும்? என்னென்ன காகிதம் வேண்டும்?
*வாசகர், டெட்ராய்ட்*

சீட் பெல்ட்டோடு இணைத்த மார்ப்பட்டையில், அல்லது நகராமல் கட்டிய கூண்டில். மடியில் கூடாது. பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லருக்குள் விட்டுப் போவது அறவே கூடாது. அங்கே என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றிதழ் எப்போதும் கையில். மைக்ரோசிப் பதிவில் உங்கள் இப்போதைய செல் நம்பர். மாதந்தோறும் இதயப்புழுத் தடுப்பு மாத்திரை; கொசு பரப்பும் இந்த நோய் 50 மாநிலங்களிலும் உண்டு. கனடாவுக்குள் போய்த் திரும்புவதானால் அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் நாய் இறக்குமதிப் படிவத்தை முன்னதாகவே இணையத்தில் நிரப்பி வையுங்கள்.

நாயோடு வண்டியில் அமெரிக்காவைச் சுற்றி எழுதிய எழுத்தாளர் யார்?
*வாசகர், மதுரை*

ஜான் ஸ்டைன்பெக். 1960-இல் ‘ரோசினான்டே’ என்று பெயரிட்ட வண்டியில் சார்லி என்ற பூடில் நாயோடு கிளம்பினார். 1962-இல் ‘டிராவல்ஸ் வித் சார்லி’ வெளியானது. அதே ஆண்டு நோபல் பரிசும் வந்தது. யெல்லோஸ்டோனில் கரடியைக் கண்ட சார்லி ஆவேசமாகிவிட, அவர் பூங்காவைவிட்டு வண்டியைத் திருப்பினார். வழியில் சார்லிக்கு உடம்பு முடியாமல் போனபோது நல்ல மருத்துவரைத் தேடினார். நாய்க்காகப் பாதையை மாற்றத் தயாராக இருந்த மனிதர் என்பதே அவரிடம் கற்க வேண்டியது. அந்த வண்டி இன்றும் கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில், அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இவ்வளவு கட்டுப்பாடு என்றால் பிராணியே வேண்டாம் என்று தோன்றுகிறது. தவறா?
*வாசகி, சார்லட்*

தவறே இல்லை. முடியாது என்று முன்பே தெரிந்துகொள்வதும் அந்த ஜீவனுக்குச் செய்யும் நன்மைதான். ஆசையில் எடுத்து, ஆறாம் மாதம் காப்பகத்தில் விட்டுப்போகிறவர்களால்தான் காப்பகங்கள் நிரம்பி வழிகின்றன. முடிவெடுக்கும் முன் ஒன்று செய்யுங்கள்: போகிற ஊரில் ஒரு வாரம் தங்கினால் அங்குள்ள காப்பகத்தில் நாய்களை நடத்திச் செல்லத் தன்னார்வலராக முடியுமா என்று கேளுங்கள். நாலைந்து ஊர்களில் அப்படி நடந்த பிறகும் ‘வேண்டாம்’ என்றே தோன்றினால் நிம்மதியாகப் பயணம் செய்யுங்கள். நடுவில் ஏதாவது ஒரு நாய்க்காக நாளைய பயணத்தைத் தள்ளிப்போட மனம் வந்தால், அன்றைக்கே கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிடுங்கள்.